வேர்ப்பூஞ்சையும் ஊசியிலை நாற்றுகளும்

பைன் முதலிய ஊசியிலை மரங்களின் வேரோடு கூடி வாழும் பூஞ்சையை நாற்றங்காலில் சேர்த்துக் கன்று வளர்க்கும் முறை. இந்தக் கூட்டுவாழ்வைக் குறிக்கும் மைக்கோரைசா என்ற சொல்லை 1885இல் ஆக்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஏ.பி. ஃபிராங்க். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டதென்னவோ, மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானைப் பயிராக்க வழி. தேடிப் போனவர் கண்டது, மர வேர்களைப் பூஞ்சை உறைபோல் போர்த்தியிருப்பதை. நோயில்லை, கொடுக்கல் வாங்கல் என்றார், பலர் ஏற்கவில்லை.

செழித்த பைன் கன்றைப் பெயர்த்து மண்ணை அலசிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். நுனிவேர்கள் கவட்டைபோல் பிரிந்து தடித்திருக்கும்; அவற்றிலிருந்து இழைகள் மண்ணுக்குள் ஓடும். பூஞ்சை வேர்ச் செல்களுக்கு இடையே வலைபின்னும், உள்ளே புகாது. மணிச்சத்தும் நீரும் தரும்; இலை சமைத்த சர்க்கரையைப் பெறும்.

உரம் போட்டும் தேறாத நாற்றுக்குக் குறை மண்ணிலில்லை, பூஞ்சைத் துணையில்லாததில்தான் என்பது பைனைப் புதிய நாடுகளுக்குக் கொண்டுபோனபோது புரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வாடிய நாற்றுகள், வளர்ந்த பைன் தோப்பின் மண்ணைக் கலந்ததும் தேறியதை 1927இல் வனத்துறையாளர் கெஸல் எழுதினார். 1937இல் ஆய்வாளர் ஹாட்ச், பூஞ்சை சேர்ந்த கன்று தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கூடுதலாக ஈர்ப்பதை அளந்து காட்டினார். 1970களில் அமெரிக்காவின் டொனால்டு மார்க்ஸ், பிசோலித்தஸ் பூஞ்சையைத் தனியே வளர்த்து நாற்றங்காலுக்கு இட்டார். தோப்பு மண்ணோடு நோயும் வருமென்பதால் இது பெரிய முன்னேற்றம்.

தமிழ்நாட்டில் பைன் வந்தேறி. கொடைக்கானல் பைன் காட்டை 1906இல் வன அதிகாரி பிரையண்ட் தொடங்கினார் என்பர். நீலகிரியில் நட்ட பைனஸ் பட்டுலா மெக்சிகோ மரம். மரத்தோடு பூஞ்சையும் வந்தது. மழைக்குப் பின் பைனடியில் முளைக்கும், சிவப்புக் குடையில் வெண்புள்ளி போட்ட அமானிட்டா அதில் ஒன்று. நச்சுக்காளான், பறிக்கக் கூடாது. நீலகிரி பைன் வேர்களில் அமானிட்டா, லக்காரியா, சுய்லஸ், ஸ்கிளெரோடெர்மா எவ்வாறு உறவாடுகின்றன என்று ஆய்வாளர்கள் மோகன், நடராஜன் முதலியோர் 1993இல் விரிவாக வெளியிட்டனர். சோலைப் புல்வெளியை மறைத்த மரத்துக்கு இவ்வளவு ஆய்வா என்று கேட்பவரும் உண்டு, கேள்வி நியாயமானதே.

காஞ்சிபுரம் போன்ற சமவெளியில் பைன் வளராது. அங்கே வளரும், ஊசியிலை மரம்போல் தோன்றும் சவுக்கு உண்மையில் பூக்கும் தாவரம். அதன் நாற்றுக்கு, வேர்ச் செல்லுக்குள் புகும் வேர் உட்பூசணமும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரும் இடுவர். அந்த உட்பூசணம் பைனுக்கு உதவாது. ஃபிராங்கியா என்ற பெயர் அதே ஃபிராங்கின் நினைவாக 1886இல் சூட்டப்பட்டது.