முன்சக்கரம் இழுக்கும் 800

மோகனூர்ல வீட்டு வாசல்ல பழைய மாருதி 800 நிக்குதா? அதை ரெடி பண்ணி டிரிஃப்ட் அடிக்கலாம்னு ஆசையா? அப்போ 1983-க்குப் போகணும். ஜப்பான்ல டொயோட்டா ஏஇ86 வந்த வருஷம் அது. டிசம்பர்ல இங்க சுசுகி இன்ஜினோட மாருதி 800. ஏஇ86-ல பின்சக்கரம் தள்ளும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சே வண்டியோட வாலை வழுக்க விடலாம். 800-ல முன்சக்கரம் இழுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டா கொஞ்சம் சறுக்கும், அவ்ளோதான். இதுக்காக நல்ல 800-ஐ வெட்டுறது பாவம்ங்க.

ஆனா அந்த 796 சிசி இன்ஜினை ஓட்டுறவரோட முதுகுக்குப் பின்னாடி வெச்சு, பின்சக்கரத்தைச் சுத்த விட்டவர் ஒருத்தர் நம்ம பக்கத்துலயே இருந்தார்: கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். அவர் கட்டின ஃபார்முலா மாருதி, ஒத்தை சீட் ரேஸ் கார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினதும் அதைத்தான். 1995-ல விமான விபத்துல கரிவரதன் இறந்துட்டார். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான்.