ஜெரேனியம்: ஒரு பெயர் மயக்கத்தின் வரலாறு

ஆங்கிலேயர் வீட்டுச் சாளரங்களிற் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும் 'ஜெரேனியம்', தாவரவியலார் கருத்தின்படி ஜெரேனியம் அன்று. இப்பெயர் மயக்கத்தை ஆராயப் புகுவோர், தோட்டங்களில் உழைத்தோரின் வரலாற்றையும் தொடாதிருத்தல் இயலாது.

பதினேழாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஒல்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில செடிகளின் காய்கள், ஐரோப்பியக் காட்டு ஜெரேனியத்தின் காய்களைப் போன்றே நீண்ட அலகு கொண்டிருந்தன. கொக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்ததே ஜெரேனியம் என்னும் பெயர். ஆம்ஸ்ரர்டாம் நகரத்து யொகன்னசு பேர்மன், ஆபிரிக்கச் செடிகளை நாரையின் பெயரால் 'பெலர்கோனியம்' என 1738இல் வேறுபடுத்தினார். (1737இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய 'தெசோரசு செய்லானிக்கசு' என்னும் நூலை வெளியிட்டவரும் இவரே.) ஆயினும், ஒருகால் அவர் இல்லத்தில் விருந்தினராயிருந்த லினேயசு 1753இல் இரண்டையும் ஒரே இனத்துள் அடக்கினார். 1789இல் லெரித்தியே மீண்டும் பிரித்தார். நூல்கள் திருந்தின, மக்கள் நா திருந்தவில்லை.

வேறுபாடோ சிறிதன்று. பெலர்கோனியம் உறைபனியில் மடியும். விக்ரோறியா காலத்துச் செல்வர் மாளிகைகளில் அது இலையுதிர் காலந்தோறும் பதியன்களாக்கப்பட்டு, நிலக்கரியாற் சூடேற்றிய கண்ணாடி மனைகளிற் காக்கப்பட்டு, கோடையில் மீண்டும் ஆயிரக்கணக்கில் நடப்பட்டது. 1845இற் கண்ணாடி வரி நீங்கியமையும் கூலியின் மலிவும் இவ்வழக்கத்தைத் தாங்கின. உண்மை ஜெரேனியங்களிற் பலவற்றுக்கு இச்சீராட்டு வேண்டியதில்லை. மாரியில் இலை கருகினும் வேர்த்தண்டு உயிர்த்திருந்து வசந்தத்தில் தளிர்க்கும். சில்வற்றிக்கம் என்னும் இனம் இயல்பாகவே காடுகளில் வளர்வது. பேயம் மரநிழலிலும் பூக்கும். மக்றோறைசம் வரண்ட நிழலையும் பொறுத்து நிலத்தை மூடிக் களையை அடக்கும்.

அயர்லாந்தில் தோன்றிய வில்லியம் றொபின்சன், 1870இல் வெளியிட்ட 'காட்டுத் தோட்டம்' என்னும் நூலில், குளிர் தாங்கும் செடிகளைத் தாமே வளரவிடுமாறு வற்புறுத்தினார். இவ்வெளிமையைப் போதித்தவர் பின்னர் கிரேவ்ரை மாளிகையையும் அதன் பரந்த நிலத்தையும் வாங்கினார் என்பதை ஈண்டு மறத்தலாகாது! கூலித் தோட்டக்காரரின்றிச் செடி வளர்க்க நேர்ந்த நடுத்தர வகுப்பினருக்கு அக்கருத்து வாழ்க்கைத் தேவையாயிற்று, இரு உலகப் போர்களின் பின்னரே. சமசெற் மாவட்டத்து மாஜரி பிஷ், 1956இல் தம் தோட்ட அனுபவங்களை நூலாக்கினார். கவனிப்பாரற்றிருந்த குடிசைத் தோட்டச் செடிகளை மீட்டதில் அவர் பங்கு பெரிது.

2013இல், செல்சி மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடியாக 'றோசான்' என்னும் நீல ஜெரேனியம் தெரிவுசெய்யப்பட்டது. எனினும் ஆங்கிலேயர் வழக்கில் ஜெரேனியம் எனின் இன்றும் அச்சாளரச் செடியே. பெயருக்கு உரிய செடி 'குளிர் தாங்கும்' என்னும் அடைமொழியுடனேயே விற்கப்படுகின்றது.