அம்மையின் திருப்பெயரும் ஒலிப்பு முறையும்

மதுரையம்பதியில் கோயில் கொண்டருளும் அம்மையின் திருப்பெயர், வழிவழியாகத் தமிழ்ப் பெண்மக்களுக்கு இட்டு வழங்கப்பெறும் பெயருமாகும். அதனை ஒலிக்கும் முறையிலோ அன்பர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வடமொழி முறை வழுவாது 'மீனாக்ஷி' என்றலே தக்கது என்பர் ஒரு சாரார். தமிழ் மரபிற்கு இயைய 'மீனாட்சி' என்றலே முறை என்பர் பிறிதொரு சாரார். சிற்றூர்த் தாய்மாரோ 'மீனாச்சி' என்றே வாயார அழைக்கின்றனர். அவரை எள்ளுவாரும் உளராதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மீனம், அக்ஷி என்னும் இரு சொற்கள் புணர்ந்தது இப்பெயர். அக்ஷி என்பது கண். 7ஆம் நூற்றாண்டில் ஆலவாய்க்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான், இப்பொருளே தோன்ற 'அங்கயற்கண்ணி' எனத் தமிழாற் போற்றியருளினார்.

க்ஷகரம் சொல்லிடையில் இரு ககரமாகத் திரியும் என விதித்தது, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல். லக்ஷணம் இலக்கணமாயிற்று; தக்ஷன் திருமுறைகளில் தக்கன் ஆயினான். அவ்விதியை இறுகப் பற்றின் 'மீனாக்கி' என்றன்றோ வருதல் வேண்டும்? உலக வழக்கோ 'மீனாட்சி' என்பதனையே நிலைநிறுத்திற்று. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் அருளிய பிள்ளைத்தமிழும் இன்று அப்பெயராலேயே வழங்குகின்றது.

ஒலி திரிந்தபோது பொருளும் ஒன்று புதிதாகக் கிளைத்தது. மீனக்கொடி உயர்த்த பாண்டியர் குலத்தில் தடாதகைப் பிராட்டியாராய்த் தோன்றி முடிசூடியவள் அம்மை. சித்திரைப் பெருவிழாவின் 8ஆம் நாளில் அவளுக்குப் பட்டாபிஷேகம் நிகழ்கின்றது. ஆதலின் 'மீன் ஆட்சி' எனப் பிரித்து மகிழ்வாரும் உளர். சொற்பிறப்பு நெறியில் இப்பிரிப்பு நில்லாது. ஆயினும் அன்பர் நெஞ்சில் அஃது இனிது நிற்கின்றது.

மற்றொன்றும் கருதற்பாலது. மீன் என்னும் சொல் தமிழ் முதலிய திராவிட மொழிகளினின்றே வடமொழிக்குச் சென்றது என மொழிநூலார் பலர் கொள்வர். பரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. எனவே இப்பெயரின் முற்பாதி இங்கிருந்து சென்றது. பிற்பாதி அங்கிருந்து வந்தது. இரு மொழியும் ஒரு பெயருள் இணங்கி நிற்க, நாம் பிணங்கி நிற்றல் தகுமோ?

மீன் தன் நோக்கினாலேயே சினையைப் பொரிக்கும் என்பர் பெரியோர். நயன தீக்கைக்கு அதனையே உவமையாகக் காட்டுவர். அம்மையின் திருப்பெயர் சுட்டுவதும் அவ்வருள் நோக்கினையே. வடமொழி அர்ச்சனையில் 'மீனாக்ஷி' என்போம்; தமிழில் வழுத்துங்கால் 'மீனாட்சி' என்போம்; ஏட்டுக் கல்வி எய்தாத தாயொருத்தி 'மீனாச்சி' எனக் கசிந்து அழைப்பின் அவளைத் திருத்தப் புகாது, உடன் கைகூப்புவோம். அழைக்கும் நாவின் நயம் பார்த்தோ அம்மை கண் திறக்கின்றாள்?