ஐஸ்கட்டிக் கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பேத்தி வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். 0 டிகிரியில் உள்ள 10 கிராம் பனிக்கட்டி, 0 டிகிரித் தண்ணீராக மாற எத்தனை கலோரி வெப்பம் வேண்டும்? கிராமுக்கு 80, ஆக 800 என்று போட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "விடை எனக்கும் வந்துருச்சு அம்மாச்சி. சூடு குடுத்துக்கிட்டே இருக்கோம், அப்புறம் ஏன் வெப்பநிலை ஏறல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை 1989-இல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். "பரீட்சைக்கு இதெல்லாம் வராது, சூத்திரத்தைப் படி" என்று உட்கார வைத்துவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்கே அன்று தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். அந்த வருஷம் முழுக்க அவன் அறிவியல் வகுப்பில் மறுபடி எழுந்து நிற்கவில்லை.

அன்றிரவு எனக்கு ஜேன் மார்செட் அம்மையாரின் ஞாபகம் வந்தது. 1769-இல் லண்டனில் பிறந்தவர். கணவர் மருத்துவர். அந்த நாளில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி வேதியியல் சொற்பொழிவு நடத்துவார், ஊரே கூடும். இந்த அம்மாவும் போனார். ஒன்றும் புரியவில்லை! சோதனைகள் கண்முன்னே வேகமாக ஓடிவிடுகின்றன. பிறகு தெரிந்த நண்பர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசி, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டுப் போனபோதுதான் விளங்கியதாம். பேசிப் பேசிப் புரிந்ததால், புத்தகத்தையும் பேச்சாகவே எழுதினார். 1806-இல் 'வேதியியல் உரையாடல்கள்' வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமலே. திருமதி பி என்றொரு ஆசிரியை, எமிலி, கரோலின் என்று இரண்டு மாணவிகள். கரோலின் சும்மா விடமாட்டாள், குறுக்கே குறுக்கே கேட்பாள். நம் வகுப்பில் இருந்தால் வாயாடி என்று வெளியே நிறுத்தியிருப்போம். பின்னால், 1819-இல், இயற்பியலுக்கும் இதே மாதிரி ஒரு புத்தகம் எழுதினார்.

லண்டனில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கையில் அந்த வேதியியல் புத்தகம் கிடைத்தது. கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்க, கணக்குப் போட என்ற அளவோடு சரி. பைண்டு பண்ண வந்ததைப் படித்துவிட்டு, கையில் இருந்த காசுக்குச் சாமான் வாங்கி, அதில் சொன்னது நிஜமா என்று சோதித்துப் பார்த்தான். சரியாகவே இருந்தது. அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே. 1813-இல் அதே டேவியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். ஜெனரேட்டருக்கு அதுதான் அடிப்படை. பெரிய விஞ்ஞானி ஆன பிறகும், தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மாவுக்கு நன்றியோடு அனுப்பி வைப்பாராம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1845-இல் நடந்தது. அம்மையாருக்கு வயது 76. புத்தகத்தின் புதுப் பதிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஃபாரடேயின் புதுக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பத்திரிகையில் பார்க்கிறார். அதைப் பற்றிய சரியான விவரம் எங்கே கிடைக்கும், புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று ஃபாரடேக்கே கடிதம் போடுகிறார். வெட்கமே படவில்லை. எனக்கு 1989-இல் வயது முப்பதுகூட ஆகவில்லை, எட்டாம் வகுப்புப் பையனிடம் "தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மாவின் புத்தகத்திலும் உள்ளுறை வெப்பம் பற்றிய பாடம் உண்டு. வெப்பம் என்பது ஒரு பொருள் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள், அவரும் அப்படியே எழுதினார். பின்னால் அது தவறென்று ஆனது. அது வேறு கதை.

சன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி, இதைப் படிக்கிறாயா? உன் பதில் இது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் கொடுக்கும் வெப்பம் அந்தப் பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. கடைசித் துண்டு உருகும்வரை வெப்பநிலை ஏறாது. ஒரு டம்ளரில் ஐஸ் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை வைத்துக் கலக்கிக்கொண்டே பார். நானும் பேத்தியும் நேற்றுச் செய்து பார்த்தோம்.