வழியனுப்ப வந்த அயலார்

“தூக்கிப் போட நாலு பேர் வேண்டாமா?” என்று நம் ஊர்ப்புறத்துப் பெரியோர் கேட்பதுண்டு. சுற்றத்தாரோடு பிணங்கி நிற்பவனைத் திருத்துவதற்காகச் சொல்லப்படும் சொல் அது. ஒருவன் எவ்வளவு செல்வாக்கோடு வாழ்ந்திருந்தாலும் இறுதிப் பயணத்தில் பிறர் தோளை நம்பியே ஆக வேண்டும் என்னும் உண்மை அதனுள் அடங்கியிருக்கிறது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இச்சொல்லின் பொருள் சற்று அழுத்தமாகவே விளங்கும். போர்முனை சென்று திரும்பி, முதுமையில் உற்றாரை இழந்து, தனியே மடியும் வீரனுக்கோ அது இன்னும் அழுத்தமானது. நாட்டுக்காகப் போரிட்டவனுக்கு அந்த நாலு பேர் எங்கிருந்து வருவார்கள்? இவ்வினாவுக்கு அமெரிக்க மக்கள் தேடிக் கண்ட விடைகளை ஈண்டுக் காண்போம்.

வாசிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில், வர்ஜீனியா மாநிலத்தில் அமைந்துள்ளது ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் லீ என்னும் தளபதியின் மனைவிக்கு வழிவழியாக வந்த நிலம் அது. போரில் இறந்தோரை அடக்கம் செய்யத் தலைநகரில் இடம் போதாமற் போகவே, 1864ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் முதற் போர்வீரன் அங்கே புதைக்கப்பட்டான். இன்று அங்கு அடங்கியிருப்போர் தொகை 4,00,000க்கும் மேல். குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் வெண்கற்கள், உயிரோடிருந்த நாளில் அணிவகுத்து நின்றவர்களே இறந்த பின்னும் அவ்வாறு நிற்பது போன்ற தோற்றத்தைத் தரும்.

அங்கு நடைபெறும் அடக்கச் சடங்கு நெடுநாள் மரபுடையது. சவப்பெட்டியின் மீது நாட்டுக்கொடி போர்த்தப்படும். வீரர்கள் மும்முறை துப்பாக்கி முழக்குவர். பின்னர், 1862இல் உள்நாட்டுப் போர்க்களப் பாசறையில் உருவான ‘டாப்ஸ்’ என்னும் 24 சுரங்களே கொண்ட சிற்றிசை எக்காளத்தில் ஒலிக்கும். இறுதியில் கொடியை முக்கோணமாக மடித்து, இறந்தவரின் நெருங்கிய உறவினர் கையில் கொடுப்பர்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. கொடியைப் பெற்றுக்கொள்ள எவரும் வராவிட்டால் என் செய்வது?

1948இல் அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் ஹாய்ட் வாண்டன்பர்க். தனிப்படையாக அமைக்கப்பட்டு ஓராண்டுகூட நிறையாத படை அது. ஆர்லிங்டனில் நடந்த அடக்கங்களுக்குச் சென்று வந்த அவரும், அவர் துணைவியார் கிளாடிஸ் அம்மையாரும் ஒன்றைக் கண்டு மனம் வருந்தினர். சில விமானப்படை வீரர்களின் குழியருகே சமய குருவும் கடமையாற்ற வந்த வீரர்களும் தவிர வேறு ஒருவரும் இல்லை. அம்மையார் அதிகாரிகளின் மனைவியரைத் திரட்டினார். எந்த விமானப்படை வீரரும் தனியே மண்ணுக்குள் போகலாகாது. ஒவ்வோர் அடக்கத்துக்கும் நம்மில் ஒருவரேனும் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தனர். ‘ஆர்லிங்டன் மகளிர்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அமைப்பின் தோற்றம் இதுவே. 1970களின் தொடக்கத்தில் தரைப்படைத் தலைமைத் தளபதி கிரைட்டன் ஏப்ரம்ஸின் துணைவியார் ஜூலியா அம்மையார் தரைப்படைக்கும் இவ்வழக்கத்தைக் கொணர்ந்தார். 1985இல் கடற்படையும், 2006இல் கடலோரக் காவற்படையும் பின்பற்றின.

இம்மகளிர் செய்யும் பணி பார்வைக்கு மிகச் சிறியது. சீருடை அணிந்த வீரர் ஒருவர் துணை வரக் குழியருகே சென்று நிற்பார் தொண்டர். மழையோ பனியோ வெயிலோ, சடங்கு முடியும் வரை அசையாது நிற்பார். உறவினர் இருப்பின் அவர்களிடம் சென்று, படைத்தலைவரின் இரங்கல் மடலையும், தம் கைப்பட எழுதிய சில வரிகளையும் கொடுத்து, ஓரிரு சொற்கள் பேசி அகல்வார். உறவினர் எவரும் இல்லையெனில், அவர் ஒருவரே அவ்வீரனுக்கு வீடும் ஊரும் ஆகிறார்.

முன்பின் அறியாதவனுக்காக வருந்துவது நடிப்பாகாதா என்று சிலர் ஐயுறலாம். கூலிக்கு மாரடிக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இவ்வையம் எழுவது இயல்பே. ஆனால் இம்மகளிர் அழுவதற்காக வருவதில்லை. அழாதிருத்தலையே முறையாகக் கொண்டுள்ளனர். துயரம் குடும்பத்தாருக்கு உரியது. சான்றாக நிற்பதே தமக்கு உரியது என்பது அவர்கள் கொள்கை. இல்லாத துயரத்தை இருப்பதாகக் காட்டாத இந்த நேர்மையே அப்பணிக்குச் சிறப்பைத் தருகிறது.

ஆர்லிங்டன் ஒன்று, நாடோ பெரிது. இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்த அமெரிக்கர் 1 கோடியே 60 இலட்சம் பேர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் முதுமையுற்று நாள்தோறும் ஏறத்தாழ 1,000 பேர் வீதம் மறைந்துகொண்டிருந்தனர். குடும்பத்தார் கோரினால் சீருடையணிந்த இருவரையேனும் அனுப்பிக் கொடியை மடித்துக் கொடுக்கவும், டாப்ஸ் இசைக்கவும் வேண்டும் என்னும் சட்டக் கடமை 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. எக்காளம் ஊதுவோர் கிடைக்காவிடில் ஒலிப்பதிவே போதும் என்றும் இடம் தரப்பட்டது. கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இதன் நியாயம் விளங்கும். இருப்பதைப் பங்கிட்டுத்தானே விதி எழுத முடியும்? ஆயினும் வீரனின் இறுதி இசை ஒலிப்பெட்டியிலிருந்து வருவதைச் சிலரால் பொறுக்க இயலவில்லை. அதே 2000ஆம் ஆண்டில் தொண்டர்கள் கூடி, கேட்பவர் எவராயினும் நேரில் வந்து ஊதித் தர ஓர் அமைப்பைத் தொடங்கினர். விதி விட்ட இடத்தை மூச்சுக்காற்று நிரப்பியது.

2005இல் வேறொரு சோதனை வந்தது. ஈராக்கில் மாண்ட இளைஞர்களின் அடக்க நாளில், சிறு சமயக் கூட்டம் ஒன்று அருகே நின்று, நாட்டின் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே அச்சாவு என்று பலகை ஏந்திக் கூச்சலிட்டது. கான்சாஸ் மாநிலத்தின் மல்வேன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் ஓட்டும் முன்னாள் படைவீரர்கள் இதைக் கேள்வியுற்றனர். ‘பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்’ என்னும் தொண்டரணி பிறந்தது. அவர்கள் சவ ஊர்திக்கு முன்னும் பின்னும் துணையாகச் சென்றனர். வழிநெடுகக் கொடியேந்தி வரிசையாக நின்று, கூச்சலிடுவோர் குடும்பத்தாரின் கண்ணிற் படாதவாறு மறைத்தனர். குடும்பத்தார் அழைத்தாலன்றி அவர்கள் செல்வதில்லை. வியட்நாம் போரிலிருந்து வரவேற்பாரின்றி வீடு திரும்பிய பலர் அவ்வணியில் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது. தமக்குக் கிடைக்காத மரியாதையை அடுத்த தலைமுறைக்கு அவர்கள் வழங்கினர்.

அக்கூச்சலைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011இல் 9 நீதிபதிகளில் 8 பேர், அது எவ்வளவு கொடியதாயினும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தனர். மகனை இழந்த தந்தை தொடுத்த வழக்கு அது, அவர் தோற்றார். சட்டத்தின் கை அவ்வளவுதான் நீளும். எஞ்சிய தொலைவைக் கொடியேந்தி நின்ற அயலாரே கடக்க வேண்டியிருந்தது.

2007இல் இப்பணி மேலும் ஒரு படி சென்றது. எரியூட்டப்பட்ட பின் எவரும் கேட்டு வராத சாம்பற் கலங்கள், சவ அடக்க நிலையங்களின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தொண்டர்கள் நிலையம் நிலையமாகச் சென்று பெயர்களைத் தொகுத்து, அரசு ஆவணங்களோடு ஒப்பிட்டு, முன்னாள் படைவீரர் யாவர் எனக் கண்டறியத் தொடங்கினர். அவ்வாறு கண்டெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு, ஊர்தி அணி துணைவர, உரிய மரியாதையோடு அடக்கம் நிகழ்ந்துள்ளது. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்த நமக்கு, ஒரு பெயரை மீட்பது எத்துணைப் பெரிய செயல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தொண்டர்கள் ஒருவரும் போரின் நியாயத்தைத் தீர்த்துவிட்டு வந்தவர்கள் அல்லர். இறந்தவன் நல்லவனா, தீயவனா என்றும் வினவவில்லை. அவன் தனியே போகிறான் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நம் நகரங்களிலும் படையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர் பலர் வாழ்கின்றனர். மக்கள் அயல்நாட்டில், உறவினர் ஊரில், இரண்டு நாள் இரயில் பயணத் தொலைவு. விழாவுக்கு நன்கொடை தருவோர் பட்டியல் நம் சங்கங்கள் தோறும் உண்டு. நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்கும் இடுகாட்டிற்கும் உடன்வர ஒப்புவோர் பட்டியல் ஒன்றும் அதனருகே இருக்கட்டும். நாலு பெயர் இருந்தாலே போதும்.