பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் கதவு

கனடாவைப் பற்றிக் கதைக்கும்போது எங்கட சனம் இங்கிலிஷை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பிரெஞ்சும் அரசகரும மொழி. புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பிரெஞ்சு எவ்வளவு கிடைத்தது என்பதைத்தான் நாங்கள் பார்க்க விரும்புகிறோம்.

கியூபெக்கில் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு: வெளியில இருந்து வாறவை பிரெஞ்சை விட்டுட்டு இங்கிலிஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகினம் எண்டு. இதில் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது. அங்கே பள்ளிக்கூடங்கள் மொழியால் அல்ல, சமயத்தால் பிரிந்திருந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை பிரெஞ்சு. புரட்டஸ்தாந்துப் பள்ளிகள் பெரும்பாலும் இங்கிலிஷ். 1903இல் வந்த சட்டம் ஒன்று, கல்வி விஷயத்தில் யூதப் பிள்ளைகளைப் புரட்டஸ்தாந்தினராகக் கணக்கெடுத்தது! கிரேக்க ஓர்தடொக்ஸ் பிள்ளைகள் பலரும் அந்தப் பக்கமே போனார்கள். முதலில் கதவைப் பூட்டிவிட்டு, பிறகு ஏன் உள்ளே வரேல்லை எண்டு கேட்டால் எப்படி?

இத்தாலியர் கத்தோலிக்கர், அவர்களுக்குப் பிரெஞ்சுப் பள்ளி திறந்தே இருந்தது. ஆனால் மொன்றியலில் நல்ல வேலையும் சம்பளமும் இங்கிலிஷோடதான், ஆகவே பெற்றோர் இங்கிலிஷைக் கேட்டார்கள். 1968இல் சென் லெயோனார் பள்ளிச் சபை, இனிச் சேரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மட்டும் என்று முடிவெடுத்தது. அடுத்த வருடம் அது தெருக் கைகலப்பாகவே மாறியது. 1977இன் 101ஆம் சட்டம் குடிவந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. எங்களுக்கு உடனே 1956 ஞாபகம் வரும். வரட்டும், ஆனா ரெண்டும் ஒண்டில்லை. சிங்களம் இங்கே பெரும்பான்மையின் மொழி. கனடா முழுவதையும் எடுத்தால் பிரெஞ்சு சிறுபான்மை மொழி. 1983க்குப் பிறகு மொன்றியல் போன எங்கட ஆக்களின் பிள்ளைகள் பலர் பிரெஞ்சு கதைக்கினம் எண்டால், அதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு.

ரொறன்ரோ பக்கம் கதை வேற. 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் சென் லாம்பேரில், இங்கிலிஷ் கதைக்கும் பெற்றோர் விடாமல் கேட்டு, பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்க வைத்தார்கள். ‘இமேர்ஷன்’ எனும் அந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது. ஆனால் அதில் இடம் பிடிக்க விஷயம் தெரிந்த அப்பா அம்மா வேணும். குடிவந்த பிள்ளைக்கோ “முதல்ல இங்கிலிஷைப் பிடிக்கட்டும்” என்ற அக்கறையான அறிவுரைதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இங்கிலிஷ் பழகும் பிள்ளைக்கு இரண்டாம் மொழிப் பாடத்தில் இருந்து விலக்கே கொடுக்கலாம். ஒன்ராறியோவில் செய்த ஆய்வுகள் மறுவளமாகச் சொல்கின்றன: வீட்டில் வேறு மொழி கதைக்கும் பிள்ளைகள் பிரெஞ்சில் பின்தங்குவதில்லை, சிலவேளை இங்கிலிஷ் மட்டும் தெரிந்தவர்களை முந்துகிறார்கள்.

ஒட்டாவாவில் அரசாங்க வேலைகளில் கணிசமானவை இரண்டு மொழியும் கேட்பவை. விலக்கு வாங்கின பிள்ளை அந்த விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும்.