புல்ஸ்னிட்ஸின் மிளகுக் கேக்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே உள்ள புல்ஸ்னிட்ஸில் எட்டாயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் ‘பெஃபர்கூஹன்’ எனப்படும் மிளகுக் கேக்கால் நாடறிந்த ஊர் அது. 1558இல் ஊரின் ரொட்டிக்காரர்களுக்கு இதைச் சுடும் உரிமை கிடைத்தது. அன்றுமுதல் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் என்பதால், வெளிக்காற்றே படாத பழமையாக இதைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பார்வையில் பாதி உண்மைதான் இருக்கிறது. வெளியுலகம் இல்லாவிட்டால் இந்தக் கேக்கே பிறந்திருக்காது.

மாவில் முட்டை, பால், கொழுப்பு எதுவும் சேராது. மாவையும் தேனையும், அல்லது சர்க்கரைப் பாகையும், பிசைந்து குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், கிடக்க விடுகிறார்கள். இறுகிக் கெட்டியான மாவை உடைத்து மறுபடி பிசையும்போதுதான் மசாலாவும், உப்ப வைக்கும் பொட்டாஷ் போன்ற உப்புகளும் சேர்கின்றன. மாவுக்கான தானியம் அக்கம்பக்கத்து வயலில் விளையும். பட்டைக்கும் கிராம்புக்கும் ஏலத்துக்கும் அங்கே மண் ஏது? 1558இல் பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பு மலுக்குத் தீவுகளிலிருந்தும் கடல் கடந்து லிஸ்பனுக்கும் வெனிஸுக்கும் வந்து, வணிகர் கைமாறி உள்நாட்டுக்குப் போயின. கிழக்கையும் மேற்கையும் இணைத்த ‘வீயா ரேஜியா’ பெருவழி, பக்கத்து ஊரான காமென்ஸ் வழியாகத்தான் சென்றது. ஊரின் இன்னொரு கைத்தொழிலான நீல அச்சுத் துணிக்கும் இதே கதைதான். அதற்கு வேண்டிய அவுரிச் சாயம் வெளிநாட்டுச் சரக்கு. உள்நாட்டுச் சாயச் செடியைக் காக்க ஜெர்மானிய அரசுகள் ஒரு காலத்தில் அவுரிக்குத் தடையே விதித்தன.

மசாலா எல்லா ஊருக்கும்தானே வந்தது, புல்ஸ்னிட்ஸ் மட்டும் ஏன் பெயர் பெற்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூரம்பர்க்கும் ஆஹனும்கூட இவ்வகைக் கேக்குக்குப் புகழ் பெற்றவையே. மாவைப் பொறுமையாகக் காக்கும் பக்குவமும், அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பட்டறைகளும் உள்ளூர்ச் சொத்து. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பக்குவம் வேலை செய்தது தூரத்துச் சரக்கின் மீது. வந்த பொருளைத் தனதாக்கிக்கொண்ட திறமையே இவ்வூரின் பெருமை. தனித்திருந்ததை அதன் பெருமையாகச் சொல்வது அந்தத் திறமையையே குறைத்துப் பேசுவதாகும்.

தமிழர் அறிந்த கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு 1682இல் பிறந்ததும் இங்கேதான், ஒரு தானிய வணிகரின் மகனாக. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். படித்தது கோர்லிட்ஸிலும் ஹாலேயிலும். ஆகவே அவரை உருவாக்கியது இந்த ஊர் என்று சொல்வது மிகை. அவர் தரங்கம்பாடிக்கு வந்ததற்கும் மசாலா வணிகத்துக்கும் நேர்த் தொடர்பு காட்ட என்னிடம் சான்றில்லை. ஆனால் அவர் வந்திறங்கிய தரங்கம்பாடி, மிளகு வணிகத்தை நாடி டேனியர் அமைத்த துறைமுகம். 1706இல் அங்கு வந்தவர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல், 36 வயதில், அங்கேயே இறந்தார். புல்ஸ்னிட்ஸின் வரலாற்றை எழுதுவோர் 1558ஆம் ஆண்டின் உரிமையோடு, அந்த உரிமைக்குப் பொருள் தந்த கடல் வழிகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.